பலமான கை

நான் “விடுங்கண்ணே” என்று சொல்லாதவரை அவர் கையை இறக்கமாட்டார். முதலில் அவர்தான் கேட்பார், “உடலாமாம்மா?” என்று. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “விடுங்கண்ணே” என்பேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கை இறங்கும், அதுவும் நிறைகுடத்தை இறக்கி வைப்பதுபோல மெதுவாக. மடக்கிய கையைப் பொத்தென்று போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மற்றவர்கள் போடுவதையும் பொறுக்கமாட்டார். “தூக்கசொல்ல எல்லாரும் ஒழுங்காத்தான் தூக்குவான். எறக்கசொல்லதான் ஆளு தெரியும்,” என்பார்.

ஒருநாள் நான் சொல்ல மறந்துவிட்டேன். தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். மருத்துவப் பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. கூரியர்காரர் கீழேயிருந்து கூப்பிட்டார் என்று இறங்கிப் போனேன். கையெழுத்துப் போட்டேன், ஒரு டீ குடித்தேன், பக்கத்துப் பூக்கடை அம்மாவிடம் வெயிலைப் பற்றிப் புலம்பினேன். திரும்பி வந்தால் ஜன்னல் பக்கத்தில் அவர் நான் விட்டுப்போன அதே நிலையில் நின்றிருந்தார். வலது முழங்கை பாதி மடங்கியிருந்தது. முஷ்டிக்குள் நான் கொடுத்த நான்கு கிலோ இரும்பு. கை முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்கை நுனியிலிருந்து வேர்வை சொட்டிச் சொட்டித் தரை நனைந்திருந்தது.

“ஐயோ, இறக்கி வச்சிருக்கலாமேண்ணே!”

“நீ சொல்லலியேமா.”

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. தப்புச் செய்தவளுக்குத் திட்டு விழாவிட்டால் வருகிற எரிச்சல் அது. “இப்படியா ஒரு மனுஷன் நிப்பீங்க, கை போயிடாதா?” என்று அவரையே திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே இரும்பை இரண்டு கையாலும் தாங்கி, சத்தம் வராமல் தரையில் வைத்தார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய கை அச்சாகிய புத்தகத்திலேயே அவர் பெயர் இல்லை. நான் இப்போது எழுதிப் பெரிய மனுஷி ஆகவேண்டாம்.

அவரை எனக்குக் கல்லூரி நாளிலிருந்து தெரியும். ஓவியக் கல்லூரியில் நாங்கள் பார்த்து வரைவதற்கு மாடலாக நின்றவர். விடியற்காலையில் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குவார். பிறகு குளித்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக் கல்லூரிக்கு வந்து, அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி நிற்பார். கழற்றப்போகிற சட்டைக்கு எதற்கு இஸ்திரி என்று நாங்கள் கிண்டல் செய்வோம். “கயட்டறவரைக்கும் நான் மனுசன்மா, கயட்டனப்புறம்தான் மாடலு,” என்பார்.

ஒரு வகுப்பில் உத்தரத்திலிருந்து பல்லி ஒன்று அவருடைய தோளில் விழுந்தது. முன்வரிசைப் பெண்கள் அலறிக்கொண்டு எழுந்து ஓடினோம். பல்லி அவருடைய மார்பில் இறங்கி, வயிற்றில் ஓடி, வேட்டி மடிப்பில் கொஞ்ச நேரம் யோசித்து, பிறகு தொடை வழியாகத் தரைக்குப் போனது. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வகுப்பு முடிந்த பிறகு என்னிடம் வந்து, “யம்மா, உங்க ஊட்டு காலண்டர்ல பல்லி உயுந்த பலன் போட்டிருக்கும் பாரு. வலது தோளு. இன்னான்னு பாத்துக்கினு வா,” என்றார். பார்த்துக்கொண்டு போனேன். வெற்றி என்று போட்டிருந்தது. ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “வெற்றி எந்தப் பக்கம் வர்துன்னு தெர்லயே, இன்னும் நின்னுக்கினேகீறேன்.”

பிறகு நான் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், அவரை மறந்துபோனேன். பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகளுக்காகத் தசையைப் பற்றி ஒரு புத்தகம் எங்களிடம் வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. எழுதியவர் அடையாறில் இருந்த ஒரு டாக்டரம்மா. வயது எழுபதுக்கு மேல். உடற்கூறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். இணையத்திலிருந்து எடுத்த பயில்வான் படங்களை நான் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். “இதெல்லாம் ஊதின பலூன். எனக்கு உழைச்ச கை வேணும். நீட்டினதுலேர்ந்து மடக்கினது வரைக்கும் ஒரே கை, ஆறு நிலை. இருக்கா உன்கிட்டே?” என்றார். இருக்கிறது என்றேன்.

அந்த அம்மாவிடம் நான் படம் வரையக் கற்கவில்லை, ஆனால் எதை வரைகிறேன் என்று தெரிந்துகொண்டேன். தசை என்றால் ஒரு கட்டி இல்லை. இழைகளின் கட்டு, அந்தக் கட்டுக்குள் இன்னும் மெல்லிய இழைகளின் கட்டு, ஒவ்வொரு கட்டையும் சுற்றி ஒரு ஜவ்வு. கறிக்கடையில் கத்தி வைத்துச் சீவி எறிகிறார்களே, அதுதான். கடைசியில் அந்த ஜவ்வெல்லாம் ஒன்றுகூடிக் கயிறாக முறுக்கிக்கொண்டு எலும்பில் போய் ஒட்டுகிறது. ஊரில் எல்லோரும் அந்தக் கயிற்றையும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். “நரம்பு இல்லே, தசைநாண். எழுதிக்கோ,” என்பார் டாக்டரம்மா.

“மடக்கும்போது தசை சுருங்கறதுன்னு சொல்றோமே, உள்ளே எதுவும் சுருங்கறதில்லே,” என்று இரண்டு கை விரல்களையும் எதிரெதிரே நீட்டி ஒன்றின் இடுக்கில் ஒன்றை நுழைத்துக் காட்டுவார். “நழுவறது, அவ்வளவுதான். ஒரு இழை இன்னொண்ணைப் பிடிச்சு இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. இன்னொண்ணு கேட்டுக்கோ. பிடிக்கறதுக்கு மட்டுமில்லே, விடறதுக்கும் தெம்பு வேணும். அந்தத் தெம்பு தீர்ந்துபோனா பிடிச்சது பிடிச்சபடி நின்னுடும். செத்தவா உடம்பு விறைக்கறது அதனாலேதான்.”

கையைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணன் நிற்பதைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னேன். “பௌதிக வாத்தியாரைக் கேட்டா அந்த மனுஷர் வேலையே செய்யலேம்பார். எதுவும் நகரலையே! ஆனா உள்ளே ஒரு நிமிஷம் ஓய்வு கிடையாது,” என்றார்.

அதை அப்படியே அண்ணனிடம் வந்து சொன்னேன். “பாத்தியா, எங்க மேஸ்திரியும் அதான் சொல்லுவான், நீ சும்மாதானே நின்னுக்கினுகீறேன்னு,” என்று சிரித்தார்.

தசைக்கு அவரிடம் வேறு பெயர் இருந்தது. கெண்டை. நாமெல்லாம் காலுக்குத்தான் கெண்டைக்கால் என்போம். அவர் கைக்கும் அதையே சொல்வார். கையை மடக்கிப் புஜத்தைக் காட்டி, “துள்ளுது பாருமா கெண்டை,” என்பார். உண்மையிலேயே தோலுக்கு அடியில் ஒரு மீன் புரள்வதுபோலத்தான் இருக்கும். எந்த நிலையில் பலம் அதிகம் என்பதும் அவருக்குத் தெரியும். டாக்டரம்மா ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டு விளக்கியிருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: “நீட்டிப் புடிச்சாலும் கஷ்டம், ரொம்ப மடக்கிப் புடிச்சாலும் கஷ்டம். பாதி மடக்கிப் புடி, மூட்டை சொன்ன பேச்சு கேக்கும்.”

அந்தப் புத்தகத்தின்மேல் அவருக்கு இருந்த ஆசையை நான் சொல்லியாக வேண்டும். அதுவரை அவரை எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள். ஒரு படமும் அவர் கைக்கு வந்ததில்லை. இது புத்தகம், அதுவும் டாக்டர் படிப்புக்கான புத்தகம். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகளிடம், “நைனா கைய வச்சுத்தான் அல்லாரும் பாடம் படிக்கப்போறாங்கோ,” என்று சொல்லி வைத்திருந்தார். தினமும் கேட்பார், “ஆள மாத்திட மாட்டியேமா?” என்று. நான் எதற்கு மாற்றப்போகிறேன் என்பேன்.

மூன்று நிலைகள் வரைந்து முடித்திருந்தோம். அப்போதுதான் ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் வீடுகளைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஊருக்கு வெளியே, பெருங்குடியையும் தாண்டி, புதுக் கட்டடம் ஒன்றில் ஆறாவது மாடியில் வீடு. சாமான் ஏற்றி இறக்க நான்கு நாள் வேண்டும் என்றார். வேலை நின்றுபோகிறதே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சரி என்றேன்.

ஐந்தாவது நாள் சரியாக வந்துவிட்டார். சட்டையைக் கழற்ற வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று. வலது முழங்கையில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தது.

“என்னண்ணே ஆச்சு?”

“ஒண்ணுமில்லமா. சாமான் தூக்கசொல்ல கெண்டை ஏறிக்கிச்சு. எண்ண போட்டு நீவுனா எறங்கிடும்.”

காலில் தசை பிடித்துக் கெண்டை ஏறினால் நாமும் அதைத்தானே செய்கிறோம்? நானும் நம்பினேன். “படத்துக்கு மஞ்சள் வேண்டாம்ணே, கழுவிட்டு வாங்க,” என்றேன். கழுவிவிட்டு வந்தார். முழங்கைக்குக் கீழே தோல் நீலமும் பச்சையுமாகக் கன்றியிருந்தது. அதற்கு மேலே, தோளுக்குப் பக்கத்தில், கையை மடக்கியதும் ஒரு திரட்சி எழும்பியது பாருங்கள், அப்படி ஒரு புஜத்தை நான் பார்த்ததே இல்லை. உருண்டு திரண்டு, தனியாக எடுத்து வைத்த மாதிரி. அதன் அடியில் ஒரு பள்ளம், அதில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து அருமையான நிழல்.

“அண்ணே! புது வீட்டுத் தண்ணி ஒத்துக்கிச்சு போலிருக்கே. கெண்டை என்னமா துள்ளுது!” என்றேன்.

அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். “நல்லாகீதா?” என்றார்.

“பிரமாதமா இருக்கு.”

“அப்ப வரஞ்சுக்கோ.”

மூன்று வாரத்துக்கு மேல் வரைந்தேன். நான்காவது நிலை, ஐந்தாவது, ஆறாவது. இடையிடையே அவர் முகம் கோணும். இரும்பை நான்கு கிலோவிலிருந்து இரண்டாகக் குறைக்கச் சொன்னார், வயசாச்சு என்றார். தண்ணீர் பாட்டில் மூடியை என்னிடம் நீட்டித் திறந்து தரச் சொன்னார். எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது. எதையும் நான் பார்க்கவில்லை. அசையாத ஒரு கையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. கன்றிய நிறத்தை மட்டும் படத்தில் விட்டுவிட்டேன். அது ஆரோக்கியமான கையின் படம் அல்லவா? திரட்சியை வைத்துக்கொண்டேன், காயத்தை அழித்துவிட்டேன். நடுவில் ஒருமுறை டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கலாம். மொத்தமாக முடித்துக்கொண்டுபோய் அசத்தலாம் என்று இருந்துவிட்டேன்.

டாக்டரம்மா ஆறு படங்களையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். முதல் மூன்றைப் பார்த்துத் தலையாட்டினார். நான்காவதில் நின்றார். லென்ஸை எடுத்தார்.

“இது வேற யாரோட கை?”

“அதே ஆள்தான் மேடம்.”

“அதே ஆளா?” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இது அறுந்துபோன கைடி. அறுந்து மேலே ஏறிண்டிருக்கு. இதைப் பார்த்துண்டா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தே? ஆட்டோ பிடிச்சு அவரை உடனே அழைச்சுண்டு வா.”

அழைத்துக்கொண்டு வந்தேன். அவர் கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா முதலில் என் கையைப் பிடித்து, முழங்கையை மடக்கச் சொல்லி, உள்பக்கம் என் விரலையே கொக்கிபோல் வளைத்து வைத்தார். தோலுக்கு அடியில் விறைப்பாக ஒரு கயிறு தட்டுப்பட்டது. “இதான் நாண். இப்போ அவர் கையிலே தேடு.” அவருடைய முழங்கையில் அதே இடத்தில் விரலை வைத்தேன். விரல் உள்ளே போனது. பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எப்படி ஆச்சு? மறைக்காம சொல்லுங்கோ,” என்றார் டாக்டரம்மா.

“பீரோ ஏத்தினோம் டாக்டரம்மா. லிப்டு ஓடல. கயிறு கட்டி மேல ரெண்டு பேரு இயுத்தாங்கோ, நான் கீய முட்டுக் குடுத்துக்கினு வந்தேன். நாலாம் மாடி திருப்பத்துல மேலகீறவன் கை நழுவிட்டான். பீரோ எறங்கிச்சு. எம் பின்னால படியில எம் பொண்ணு சாமான் தூக்கினு வந்துக்கினுகீது. நவுந்தா அதும்மேலதான் உயும். அதான் புடிச்சேன். புடிச்சு மெல்ல மெல்ல எறக்குனேன். டப்புன்னு ஒரு சத்தம் வந்துச்சு. கயிறு அறுந்துச்சுன்னுதான் நெனச்சேன். அப்பால எடுத்துப் பாத்தா கயிறு நல்லாத்தான்கீது.”

டாக்டரம்மா அவருடைய கையை மெதுவாக நீட்டி மடியில் வைத்தார். “தூக்கும்போது அறுந்திருக்காது. தாங்கிண்டு இறக்கும்போதுதான் தசைக்கு ரொம்பப் பாரம்,” என்றார், எனக்குச் சொல்வதுபோல. பிறகு அவரிடம், “இது எத்தனை நாள் ஆச்சு?”

“ஒரு மாசம் ஆவும்.”

“ஒரு ரெண்டு வாரத்துக்குள்ளே வந்திருந்தா இழுத்துத் தைச்சிருக்கலாம். இப்போ மேலேயே ஒட்டிண்டு கட்டையாப் போயிருக்கும். ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், போய்க் காட்டுங்கோ. உறுதியா ஒண்ணும் சொல்றதுக்கில்லே.”

“வலிச்சப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே என்கிட்ட!” என்றேன்.

“ஆள மாத்திட்டீன்னா?” என்றார். பிறகு, “நீதான் நல்லாகீதுன்னு சொன்னியேமா. அப்ப நல்லாத்தான் ஆவுதுன்னு நெனச்சிக்கினேன்,” என்றார்.

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்குத் தப்பிக்க வழி இருப்பதாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். கை மடங்கும், ஆனால் பாதி பலம்தான் வரும். மூட்டை தூக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடத் திருகுவதுதான் முடியாமல் போயிற்று. பூட்டில் சாவியைத் திருப்ப, குழாயைத் திறக்க, துணியைப் பிழிய வலது கை உதவாது. மார்க்கெட் வேலை போயிற்று. பெருங்குடியில் ஒரு அலுவலகத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருப்பார். “நிக்கறது நமக்குப் புதுசா இன்னா?” என்பார்.

ஆரோக்கியமான கைக்கு, வேறு வழியில்லாமல், மயிலாப்பூரில் ஜிம் வைத்திருந்த ஒரு பையனை வரைந்தேன். அவனால் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல நிற்க முடியவில்லை. இன்னொரு கையில் போன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆறும் ஒரே கையாக இருக்கவேண்டும் என்பதால் அவருடைய படங்களில் ஐந்தை எடுத்துவிட்டோம். ஒன்றை மட்டும் டாக்டரம்மா வைத்துக்கொண்டார், நான் பிரமாதம் என்று சொன்ன அந்த நான்காவதை. காயங்களைப் பற்றிய அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றார். நான் அழித்த நீலத்தையும் பச்சையையும் திரும்பவும் போடச் சொன்னார். ஞாபகத்திலிருந்தே போட்டேன். ஒவ்வொரு புள்ளியும் ஞாபகம் இருந்தது.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பெருங்குடிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூடத் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் கேட் பக்கத்தில் நின்றபடி இடது கையால் பக்கங்களைப் புரட்டினார். படம் வந்ததும் நிறுத்தினார். டீக் கேனோடு வந்த பையனை, எதிர்க்கடை ஆளை, எல்லோரையும் கூப்பிட்டார். “இத பாரு, இது யாருன்னு சொல்லு.” அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதில் விரலை வைத்தார்.

“இன்னாமா போட்டுக்கீது?”

அறுந்த தசை என்று போட்டிருந்தது. டீக்காரப் பையனும் எதிர்க்கடை ஆளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பலமான கைன்னு போட்டிருக்குண்ணே,” என்றேன்.

“பலமான கை,” என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு கூடியிருந்தவர்களிடம் திரும்பி, “பலமான கைன்னு போட்டுகீறாங்கோ,” என்றார்.

அதன்பிறகு எப்போது பார்த்தாலும் அந்தப் பேச்சு வரும். நான் யாரையாவது அழைத்துக்கொண்டு போனால் முதலில் அதைத்தான் சொல்வார், என்னையும் சாட்சிக்கு இழுப்பார். “சொல்லுமா, இன்னா போட்டுக்கீது?” நான் சொல்லவேண்டும். சொல்வேன். நாளாக நாளாக எனக்கு அங்கே போவதே பாரமாகிவிட்டது. போனைக் குறைத்தேன், தீபாவளிக்குப் போவதை நிறுத்தினேன். வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஏமாந்துபோன ஒருவரை அடிக்கடி பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்? அப்படித்தான் நான் அவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவருடைய மகள் போன் செய்தாள். அவள் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

ஆறு மாடியும் ஏறினேன். லிப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. நாலாம் மாடித் திருப்பத்தில் சுவரில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. பீரோ உரசியதாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். கொஞ்ச நேரம் அங்கே நின்று மூச்சு வாங்கினேன்.

இஸ்திரி போட்ட சட்டையோடுதான் படுக்க வைத்திருந்தார்கள். மாலையைச் சரிசெய்யும்போது அவருடைய வலது கையில் என் விரல் பட்டது. முஷ்டி பாதி மூடியபடி விறைத்திருந்தது. விடறதுக்கும் தெம்பு வேணும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். படத்தோடு கீழே இருந்த வரியும் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்து மகள் பக்கத்தில் வந்து நின்றாள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பெண். எனக்குக் கூசியது.

“அதுல என்ன போட்டிருக்குன்னு உனக்குத் தெரியும் இல்லம்மா?” என்றேன்.

“தெரியும் ஆன்ட்டி. நைனாவுக்கும் தெரியும்.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“புக்கு வந்த அன்னிக்கே ஊட்டுக்கு எட்த்துக்கினு வந்துட்டு என்கிட்டதான் குடுத்துச்சு, இத்தப் படின்னு. படிச்சேன். அறுந்த தசைன்னு போட்டுக்கீது நைனான்னு சொன்னேன். அத்தயே கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருந்துச்சு. அப்பால, ‘அந்தப் பொண்ணு பலமான கைன்னு சொல்லிக்கீது, அதுக்கு மனசு கேக்கல போலக்கீது. அப்டியே இருக்கட்டும். நீ போய் எதுனா சொல்லிடாத’ன்னுச்சு. நானும் சொல்லல.”

ஏழு வருஷம். டீக்காரப் பையன் முன்னால், எதிர்க்கடை ஆள் முன்னால், நான் கூட்டிக்கொண்டு போனவர்கள் முன்னால், நான் கொடுத்த அந்த வார்த்தையை அவர் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார். அவர் என் முகத்தைப் பார்த்து, “சொல்லுமா, இன்னா போட்டுக்கீது?” என்று கேட்டதெல்லாம் இப்போது காதில் விழுகிறது. பெருமைக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

உடலாமாம்மா என்றுதான் கேட்டிருக்கிறார். நான் ஒருமுறைகூட விடுங்கண்ணே என்று சொல்லவில்லை.